பச்சை உடம்பும் ஐஸ் வண்டியும்

துறைமுகத் தெருவின் பொதுக் குளியலறைக்குள் வான்ஹாய் தலையை நீட்டினாலே போதும், வெந்நீர்த் தொட்டியில் கழுத்துவரை முங்கிக் கிடக்கும் ஆண்கள் ஒருவரை ஒருவர் முழங்கையால் இடித்துக்கொள்வார்கள்.

"கட்டைவிரல் ஐயா வந்துட்டாருடோய். கையைத் தண்ணிக்குள்ள வச்சுக்க."

"கையை மட்டுமா? நெஞ்சையும் மூடிக்க. குழி விழுந்திருக்கான்னு பார்ப்பாரு."

வான்ஹாய் இதற்கெல்லாம் கூச்சப்படுகிற ஆள் இல்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ஓர் ஓரமாக உட்கார்ந்து கால் தேய்த்துக்கொண்டிருக்கும் ஒல்லி உடம்புக்காரன் எவனையாவது குறிவைத்து நேராக அவனிடம் போவார். கை நீளம், கால் நீளம், விரல்கள் சிலந்திக் கால் மாதிரி, முதுகு லேசாக வளைந்தது, கண்ணில் தடித்த கண்ணாடி. இப்படி ஒருவன் அகப்பட்டால் விடமாட்டார்.

"தம்பி, கட்டைவிரலை உள்ளங்கையில மடக்கி வச்சு முஷ்டி பிடி பார்ப்போம்."

அவன் பிடிப்பான். கட்டைவிரல் நகம் முஷ்டிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால், "இப்ப இந்தக் கையால அந்த மணிக்கட்டைச் சுத்திப் பிடி" என்பார். கட்டைவிரல் சுண்டுவிரல் நகத்தை முழுசாக மூடிக்கொண்டால் அவர் குரல் தணிந்துவிடும்.

"பயப்படாத. இது இருந்தா நோவு இருக்குன்னு அர்த்தம் இல்ல. ஆனா போய் இதயத்தை ஒரு தடவை எக்கோ எடுத்துப் பாத்துடு. உன் சொந்தத்துல சின்ன வயசுலயே பொசுக்குன்னு போனவங்க யாராவது உண்டா?"

சிலர் சிரிப்பார்கள். சிலர் கெட்ட வார்த்தை சொல்வார்கள். ஒருத்தன் வாளித் தண்ணீரை முகத்தில் ஊற்றியே விட்டான். வான்ஹாய் துடைத்துக்கொண்டு, "வெந்நீராப் பார்த்து ஊத்தினியே, நீ நல்லவன்தான்" என்றார்.

இந்த மனிதர் இதற்கு முன்னால் எப்படி இருந்தார் என்று தெரிந்தால்தான் இதன் கனம் புரியும். ஷான்தோங் கடற்கரையின் அந்தத் துறைமுகத்தில் ஐஸ் என்றால் வான்ஹாய், வான்ஹாய் என்றால் ஐஸ். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். பத்து வயதில் சாக்கைத் தோளில் போட்டு ஐஸ் பாளம் சுமந்தார். அந்தத் தோள்பட்டையில் இன்னும் தோல் கறுத்துக் கிடக்கிறது. முப்பது வயதில் ஓட்டை இயந்திரம் ஒன்றை வாங்கித் தானே பிரித்துத் தானே பூட்டினார். நாற்பதில், துறைமுகத்திலிருந்து கிளம்பும் படகுகளில் பாதி அவருடைய ஐஸோடுதான் கடலுக்குப் போயின. எந்த அதிகாரிக்கும் குனிந்து சாராயம் ஊற்றியதில்லை, எந்த முதலாளிக்கும் முழங்கால் மடக்கியதில்லை. இதை அவரே எல்லாரிடமும் சொல்வார். சொல்லும்போது சுற்றி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் சொல்வார்.

ஐஸுக்கு அடுத்தபடி அவர் பீற்றிக்கொண்டது மகன் லெய்யின் உயரத்தை. அந்த உயரம் மனைவி யூச்சென் வீட்டுச் சீதனம். யூச்சென் பிறந்த ச்சி குடும்பத்தில் எல்லாரும் நெட்டை. அந்த வீட்டுப் பெண்கள் சந்தைக்குப் போனால் கூட்டத்துக்கு மேலே தலை தெரியும். உயரத்தைக் கடவுள் கொடுத்த வரமாக நினைக்கிற ஊர் அது. பெண் பார்க்கப் போனால் நிறத்தைக் கேட்பதற்கு முன்னால் உயரத்தைக் கேட்பார்கள். லெய் வாசலில் குனிந்து நுழைவதைப் பார்ப்பதற்கென்றே வான்ஹாய் வீட்டுக்கு விருந்தாளிகளைக் கூப்பிடுவார்.

இருபத்தாறு வயதில் அந்தப் பையன் துறைமுகத் தொழிலாளர் கூடைப்பந்துப் போட்டியில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டே விழுந்தான். எழுந்திருக்கவில்லை. வான்ஹாய் அப்போது கூட்டத்தில் நின்று, "அந்த நெட்டையன் என் பையன்" என்று பக்கத்து ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மருத்துவமனையில் ஒரு மருத்துவர் யூச்சென்னைத் தனியாக உட்காரவைத்து அவள் கையைப் பிடித்து விரல்களைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றச் சொன்னார். பிறகு வான்ஹாயிடம் சொன்னார்: இது பிறப்பிலேயே வருவது, மார்ஃபான் என்று பெயர். உடம்பை ஒன்றோடொன்று பிடித்துவைக்கும் இணைப்புத் திசு, அதாவது வீட்டுச் செங்கல்லுக்கு நடுவில் இருக்கும் சாந்து மாதிரியான சமாச்சாரம், இவர்களுக்குப் பலவீனம். அதனால்தான் எலும்பு நீளுகிறது, கண்ணில் வில்லை நழுவுகிறது. அது பரவாயில்லை. இதயத்திலிருந்து கிளம்புகிற பெரிய ரத்தக்குழாயும் அதே சாந்தால் கட்டியது. அது பலூன் மாதிரி மெல்ல விரிந்துகொண்டே போய் ஒருநாள் கிழியும். தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தால் பிள்ளைக்கு வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. முன்கூட்டியே தெரிந்தால் மாத்திரை உண்டு, அறுவை உண்டு, நீண்ட நாள் வாழலாம். தெரியாவிட்டால் இப்படித்தான்.

யூச்சென்னின் அப்பா படகில் வலை இழுக்கும்போது விழுந்தவர். சித்தப்பா கல்யாண வீட்டில் மேசை தூக்கும்போது விழுந்தவர். இருவருக்கும் சாராயம் என்று ஊர் காரணம் சொல்லி வைத்திருந்தது. அன்றைக்குத்தான் யூச்சென், "எங்கப்பா குடிக்கவே மாட்டாரு" என்று மெதுவாகச் சொன்னாள்.

அன்றிலிருந்து யூச்சென் மாத்திரை சாப்பிடுகிறாள். வான்ஹாய் ஊரின் கட்டைவிரல்களைப் பார்க்கிறார். அவருடைய வண்டிகளின் பக்கவாட்டில் பனிக்கட்டிமேல் நிற்கும் பென்குவின் படம் ஒன்று இருக்கும். அதற்குக் கீழே பெரிய எழுத்தில், 'நெட்டையாக ஒல்லியாக இருக்கிறாயா? குடும்பத்தில் இளவயதுச் சாவு உண்டா? இதயத்தைப் பார்த்துக்கொள்' என்று எழுதவைத்தார். மீன் வாங்க வந்தவர்கள் படித்துவிட்டு, "ஐஸ் விக்கிறாரா, சாவு விக்கிறாரா" என்று கேட்டார்கள்.

வெளியாட்கள் எவன் கேட்டான், எவன் கேட்கவில்லை என்பதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவரைத் தூங்கவிடாமல் அடித்தது ஒரே ஒரு பெண். யூச்சென்னின் தம்பி பாவ்குவோவின் மகள் மெங்யுன். மழலையர் பள்ளி ஆசிரியை. அத்தையின் அதே கை, அதே கண்ணாடி, லெய்யின் அதே நடை.

பாவ்குவோவும் நெட்டைதான். சொந்தமாக இழுவைப் படகு வைத்திருந்தான். வான்ஹாய் படகுத் துறையிலேயே அவனைப் பிடித்தார்.

"மாப்ளே, நீ ஒரு தடவை, உன் பொண்ணு ஒரு தடவை. எக்கோ எடுக்க அரை மணி நேரம் ஆகுமா?"

"அத்தான், உங்களுக்கு மகன் போன துக்கம். அதுக்காக என் வீட்டுல வந்து சாவைத் தேடாதீங்க."

"தேடல. இருக்கான்னு பார்க்கச் சொல்றேன்."

"பார்த்து, இருக்குன்னு எழுதிக் குடுத்துட்டா? அவளுக்குப் பேசிக்கிட்டிருக்கோம். சீக்குக்காரக் குடும்பம்னு ஒரு வார்த்தை வெளிய போச்சுன்னா எவன் கட்டுவான்?"

பேச்சு நடந்துகொண்டிருந்தது ஷியூமெய் என்ற அம்மாவின் வீட்டில். டயர் கடைக்காரி, வாய்த் துடுக்குக்காரி, கணவன் இல்லாமல் மகன் தாவேய்யை வளர்த்தவள். தாவேய் குட்டை. அந்தக் குறையை அடுத்த தலைமுறையில் சரிக்கட்டவேண்டும் என்றுதான் அவள் ஊரெல்லாம் நெட்டைப் பெண்ணைத் தேடினாள். மெங்யுன்னைப் பார்த்ததும் கன்னத்தைக் கிள்ளி, "என் பேரன் பேத்தி வாசப்படியில தலை இடிச்சுக்கிட்டு அழணும்" என்றாளாம்.

நிச்சய விருந்தில் வான்ஹாய் கிண்ணத்தோடு எழுந்தார். வாழ்த்துச் சொல்லப் போகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். வாழ்த்தினார், கூடவே அதையும் சொன்னார். கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணின் இதயத்தைப் பார்த்துவிடுங்கள், பிள்ளை பெறுவது இந்த உடம்புக்கு ஆபத்து, மருத்துவர் சொன்னது, என் வாய்ச் சொல் இல்லை என்றார்.

ஷியூமெய்தான் முதலில் வாய் திறந்தாள்.

"ஐஸ்கார அண்ணே, நான் மருமக எடுக்கிறேன், சந்தையில மாடு பிடிக்கல. பல்லைப் பிடிச்சுப் பார்த்துட்டுக் கூட்டிட்டுப் போறதுக்கு."

பாவ்குவோ அவர் தோளைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு போனான். மறுநாளிலிருந்து அவன் படகு தொலைவில் வேறொரு ஆலையில் ஐஸ் ஏற்றியது. யூச்சென்னோடும் பேச்சை நிறுத்தினான்.

மெங்யுன் மட்டும் ஒருநாள் பள்ளி விட்டதும் ஐஸ் ஆலைக்கு வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"மாமா, நீங்க சொன்னது பொய்யின்னு நான் நினைக்கல. லெய் அண்ணன் கையும் என் கையும் ஒண்ணுன்னு எனக்குத் தெரியும்."

"அப்ப இப்பவே வா. வண்டி நிக்குது."

"கல்யாணம் முடியட்டும் மாமா. அப்புறம் நானே போறேன். இப்ப போனா அப்பா மூஞ்சில முழிக்க முடியாது."

கல்யாணம் முடிந்தது. பனிக்காலம் முடிவதற்குள் அவள் உண்டாகிவிட்டாள். பிரசவ மருத்துவமனையில், குடும்பத்தில் இதய நோய் உண்டா என்று கேட்டபோது இல்லை என்று சொல்லும்படி அப்பா சொல்லியிருந்தார். அவளும் அப்படியே சொன்னாள். குழந்தையின் இதயத்தைத்தான் ஒவ்வொரு தடவையும் கேட்டார்கள்.

அடுத்த பனிக்காலத்தில் பெண் குழந்தை பிறந்தது. தாங்தாங் என்று செல்லப் பெயர். பிறந்த கணமே நீளம் என்று ஷியூமெய் மாடிப்படியில் ஏறி இறங்கி எல்லா வீட்டுக்கும் வழக்கப்படி சிவப்புச் சாயமேற்றிய முட்டை கொடுத்தாள்.

அந்த ஊரில் பிள்ளை பெற்றவள் ஒரு மாதம் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது. வெளியே என்றால் வாசலுக்குக்கூட இல்லை. பச்சை உடம்பில் எலும்புக்கு எலும்பு வாய் திறந்து கிடக்கும், அதில் காற்றுப் புகுந்தால் சாகும்வரை போகாது என்பார்கள். ஜன்னல் இடுக்கில் காகிதம் ஒட்டுவார்கள். தலையில் துணி, காலில் இரண்டு ஜோடிக் காலுறை, குளிப்பு கிடையாது, பச்சைத் தண்ணீர் தொடக்கூடாது. நாட்டுச்சர்க்கரை போட்ட தினைக் கஞ்சியும் முட்டையும் பன்றிக்கால் சூப்பும் வேளாவேளைக்கு வரும். குளிர்ச்சியான எதுவும் அந்த அறைக்குள் நுழையக்கூடாது. துக்கம் நடந்த வீட்டு ஆளும் நுழையக்கூடாது. வான்ஹாய் இரண்டிலும் அடிபட்டார். ஐஸ்காரர், பிள்ளையைப் பறிகொடுத்தவர்.

மூன்றாம் வாரத்தில் ஒருநாள் முற்பகல் யூச்சென்னின் கைபேசி அடித்தது. மெங்யுன் போர்வைக்குள்ளிருந்து கிசுகிசுத்தாள்.

"அத்தை, நேத்து சாயங்காலம் நெஞ்சுல என்னமோ கிழிஞ்ச மாதிரி இருந்துச்சு. அப்படியே முதுகுக்குப் போயிடுச்சு. ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவுல கத்தியைப் போட்டு இழுக்கிற மாதிரி."

"மாமியாகிட்ட சொன்னியா?"

"காத்து புகுந்துடுச்சுன்னு சொல்றாங்க. உப்பை வறுத்துத் துணியில கட்டி வச்சுக்கிட்டிருக்காங்க."

யூச்சென் ஆலைக்கு ஓடிவந்தாள். வேகமாக நடக்கக்கூடாது என்று மருத்துவர் சொன்னவள் ஓடிவந்தாள். கார் அன்று பழுதுக்குப் போயிருந்தது. வான்ஹாய் ஒரு நொடி யோசிக்கவில்லை. வாசலில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்த வண்டியின் ஓட்டுநரைக் கீழே இறக்கிவிட்டு, பின்கதவைச் சாத்தி, மனைவியை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். ஆம்புலன்ஸுக்குப் பேசினார். நெடுஞ்சாலையில் பேருந்து கவிழ்ந்து வண்டிகள் எல்லாம் அங்கே போயிருக்கின்றன, வர நேரமாகும் என்றார்கள்.

ஷியூமெய் வீடு நான்காம் மாடி. மின்தூக்கி இல்லாத பழைய கட்டடம். கதவைத் திறந்தவள் அவரைப் பார்த்ததும் இரண்டு கையாலும் நிலையை மறித்தாள்.

"அங்கயே நில்லுங்க. உங்க மேலருந்து குளிர் அடிக்குது."

"சம்பந்தியம்மா, பொண்ணை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். இது காத்து இல்ல. லெய்க்கு வந்தது."

"வாயைக் கழுவுங்க! பச்சப் புள்ள இருக்கிற வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு செத்தவன் பேரைச் சொல்றீங்களே!"

தாவேய் அம்மாவுக்குப் பின்னால் குழந்தையை ஏந்திக்கொண்டு நின்றான். "மாமா, இன்னும் ஒரு வாரம்தான் பாக்கி. மாசம் முடிஞ்சதும் நானே கூட்டிட்டு வர்றேனே."

யூச்சென் குனிந்து ஷியூமெய்யின் கைக்குக் கீழே நுழைந்து உள்ளே போய்விட்டாள். அத்தைக்காரியைப் பிடித்து இழுக்க ஷியூமெய்க்குக் கை வரவில்லை. உள்ளேயிருந்து யூச்சென்னின் குரல் வந்தது: "உதடெல்லாம் வெளுத்துக் கிடக்குங்க."

மெங்யுன் உள்ளிருந்தே பேசினாள். "மாமா, இப்ப கொஞ்சம் தேவல. வலி குறைஞ்சிருக்கு. மாசம் முடிஞ்சு..."

"லெய்க்கு நேரமே கிடைக்கலம்மா" என்றார் வான்ஹாய் படியில் நின்றபடி. "உனக்குக் கிடைச்சிருக்கு. அதை வீணடிக்காத."

உள்ளே அழுகைச் சத்தம். பிறகு, "அத்தை, என்னை எழுப்பி உட்காரவைங்க."

அதற்கப்புறம் வான்ஹாய் சண்டை போடவில்லை. ஊரில் யாரிடமும் தணிந்து பேசாத மனிதர் அந்த மாடிப்படியில் சட்டையைக் கழற்றினார். ஐஸ் ஆலையின் கனத்த மேல்கோட்டு, கம்பளிச் சட்டை, எல்லாவற்றையும் கழற்றிப் படியில் போட்டார். பனியன் மட்டும். பனிக்காலக் காற்று படிக்கட்டு ஜன்னல் வழியாக அடித்துக்கொண்டிருந்தது.

"பாருங்க சம்பந்தியம்மா. குளிரை எல்லாம் கழட்டிட்டேன். குளிர் போக மாசிப்பச்சை இலைப் புகை போடுறீங்கன்னா போடுங்க. அவளை நாலு பஞ்சுப் போர்வையில சுத்துங்க, கண்ணைத் தவிர எல்லாத்தையும் மூடுங்க. உங்க சாஸ்திரம் ஒண்ணு விடாம செய்யுங்க. என்கிட்ட குடுங்க, அவ்வளவுதான்."

ஷியூமெய் அந்தப் பனியனைப் பார்த்தாள். அப்போது உள்ளே மெங்யுன் ஒரு சத்தம் போட்டாள். மனிதக் குரல் மாதிரியே இல்லை. ஷியூமெய்யின் கை நிலையிலிருந்து தானாக இறங்கியது.

நாற்காலியில் உட்காரவைத்து, போர்வை சுற்றி, முகத்தில் கம்பளித் துண்டு போட்டு, குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டுத் தாவேய் ஒருபக்கமும் வான்ஹாய் ஒருபக்கமுமாகத் தூக்கி இறக்கினார்கள். வான்ஹாய் படியில் போட்டதையெல்லாம் யூச்சென் பொறுக்கிக்கொண்டு பின்னால் இறங்கினாள். கீழே சீட்டாடிக்கொண்டிருந்த கிழவர்களும் முட்டைக்கோஸ் அடுக்கிக்கொண்டிருந்த பெண்களும் எழுந்து நின்றார்கள். மாதம் முடியாத பெண்ணை, பென்குவின் படம் போட்ட ஐஸ் வண்டியில் ஏற்றுகிறார்கள். அவளை உட்காரவைத்த முன்பகுதியில் வெப்பக்காற்று ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அது வெளியே தெரியுமா? பின்கதவின் இடுக்கிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டியது. அதுதான் எல்லார் கண்ணிலும் பட்டது.

"அடிப்பாவி ஷியூமெய்" என்று ஒருத்தி வாய்விட்டே சொன்னாள். "ஐஸ்லயா கொண்டு போறாங்க?"

மாவட்ட மருத்துவமனையில் நேரத்தைக் கடத்தவில்லை. வான்ஹாய் குடும்பத்தின் சாவுகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். பணியில் இருந்த இளம் மருத்துவர் அவரை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு நேராக ஸ்கேனுக்கு அனுப்பினார். படம் வந்தது. பெரிய குழாய் உள்ளுக்குள் மேலிருந்து கீழ்வரை கிழிந்து கிடந்தது. இங்கே செய்ய முடியாது, பெரிய நகரத்துக்குப் போகவேண்டும், அங்கே சொல்லிவிட்டேன், கிளம்புங்கள் என்றார். கிளம்பும்போது தாவேய்யிடம், "வலி வந்த உடனே நேத்தே வந்திருந்தீங்கன்னா" என்று தொடங்கி, அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஆம்புலன்ஸில் தாவேய் ஒருபக்கம், வான்ஹாய் ஒருபக்கம். இலை உதிர்ந்த ஆப்பிள் தோப்புகள் கண்ணாடிக்கு வெளியே ஓடின. மெங்யுன் கண் திறந்தாள்.

"மாமா, ஜன்னல் திறந்திருக்கா? குளிருது."

"இல்லம்மா. எல்லாம் மூடியிருக்கு."

"காத்து வருதே."

"வரல. நான் அணைவா உட்கார்ந்திருக்கேன் பாரு."

அவர் தன் மேல்கோட்டைக் கழற்றிப் போர்வைக்கு மேலே போர்த்தினார். ஐஸ் ஆலை வாடை அடிக்கும் கோட்டு. அவள் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. நகரத்தின் சுங்கச்சாவடி வருவதற்கு முன்னால் இறந்துபோனாள்.

ஷியூமெய் உடலைப் பார்த்த இடத்திலேயே தீர்ப்பு எழுதிவிட்டாள்.

"என் வீட்டுல அனல்ல இருந்தவளை ஐஸ் வண்டியில ஏத்திக் கொன்னுட்டான். படியிறங்கி அஞ்சு மணி நேரம்! அஞ்சு மணி நேரத்துல என் மருமகளைக் காத்து தின்னுடுச்சு!"

வான்ஹாய் ஸ்கேன் படத்தைக் காட்டினார். அவள் அதைக் கையில் வாங்கவே இல்லை. படத்தைப் பார்க்க ஊரில் வேறு யாருக்கும் ஆசை இல்லை. வண்டியில் ஏற்றியதை இருபது பேர் கண்ணால் பார்த்திருந்தார்கள். துறைமுகம், சந்தை, குளியலறை என்று எல்லா இடத்துக்கும் கதை வான்ஹாய்க்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தது. குளியலறைத் தொட்டியில் அவர் இறங்கினால் இப்போது யாரும் கேலி பேசுவதில்லை. மெல்ல எழுந்து மறுபக்கம் போய்விடுகிறார்கள். பல படகுகள் ஐஸ் வாங்குவதை நிறுத்தின. பெண்டாட்டி மாசமாக இருக்கிற மாலுமிகள் அந்த ஐஸ் தங்கள் படகில் ஏறக்கூடாது என்று முதலாளியிடம் சண்டை போட்டார்களாம்.

பாவ்குவோ அடுத்த மாதம் தூரத்து நகரத்துக்குப் போய் மார்பைப் பிளந்து குழாயை மாற்றிக்கொண்டு வந்தான். பித்தப்பைக் கல் என்று ஊரில் சொன்னான். தழும்பு நெஞ்சின் நடுவில் இருந்தது. யாரும் கேட்கவில்லை.

வான்ஹாய்க்கு இப்போது ஒரே நினைப்புதான். தாங்தாங். மெங்யுன் பெற்றது. பாதிக்குப் பாதி. அவர் ஷியூமெய் வீட்டுக்கு நடந்தார். கதவு திறக்கவில்லை. டயர் கடைக்குப் போனார். தாவேய் தலையைக் குனிந்துகொண்டு, "அம்மா சொன்னா சரிங்க மாமா" என்றான். நாள் கணக்கில் போனார். கடைசியில் ஒருநாள் ஷியூமெய்யே கடையிலிருந்து வெளியே வந்தாள்.

"குழந்தையைப் பார்க்கணும்கிறது எதுக்குன்னு எனக்குத் தெரியும். அவ உடம்புல கோளாறுன்னு எழுதி வாங்கிட்டா, நீ தப்பிச்சுக்குவ. நீ கொல்லலன்னு ஆயிடும். அதுக்குத்தானே?"

"இல்ல."

"அப்ப ஒண்ணு செய். எங்க கட்டடத்து முன்னாடி, அன்னிக்குப் பார்த்த அத்தனை பேருக்கும் முன்னாடி, மண்டி போட்டுச் சொல்லு. நான்தான் கொன்னேன்னு சொல்லு. அப்புறம் குழந்தையைத் தர்றேன்."

வீட்டுக்கு வந்து யூச்சென்னிடம் சொன்னார். அவள் கையிலிருந்த பாத்திரத்தை வைத்தாள்.

"பொய்யிங்க அது. உங்களால ஒரு நாளும் சொல்ல முடியாது."

"வியாபாரத்துல நான் சொல்லாத பொய்யா?" என்றார். "கலங்கின ஐஸைப் பளிங்குன்னு வித்திருக்கேன். இது ஒண்ணு என்ன."

"அது வேற. அதை அப்புறம் ஊரு நிஜம்னு வச்சுக்கும். லெய்க்காக இத்தனை நாள் கத்துனதெல்லாம் போயிடும்."

"போகட்டும்" என்றார். "அந்தக் குழந்தை போகக்கூடாதுல்ல."

சொன்னபடி செய்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறி கிழவர்கள் சீட்டுக்கட்டோடு வெளியே வந்த பிறகு. கட்டடத்து முன்னால் சிமெண்டுத் தரையில் அந்த அறுபது வயதைத் தாண்டிய உடம்பு மெதுவாக இறங்கியது. முழங்கால் மடங்கிப் பழக்கம் இல்லாததால் ஒரு கையைத் தரையில் ஊன்ற வேண்டியிருந்தது. சந்தைவரை கேட்கும் குரல் அவருக்கு. அதைக் குறைக்கவும் இல்லை.

"மெங்யுன்னை மாசம் முடியறதுக்கு முன்னாடி ஐஸ் வண்டியில ஏத்திக்கிட்டுப் போய்க் கொன்னது நான்தான்."

யாரோ ஒரு கிழவர் சீட்டைக் கீழே வைத்தார். மாடி ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. யூச்சென் தெருமுனையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். ஷியூமெய் அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு நிம்மதியானதுபோலத் தெரியவில்லை. பிறகு மாடியேறிப் போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"நானும் வருவேன். என் மடியிலதான் இருப்பா."

"வாங்க."

குழந்தைகள் இதயப் பிரிவில், ஜெல் தடவிய கருவியை அந்தச் சின்ன நெஞ்சில் மருத்துவர் மெல்ல நகர்த்தினார். தாங்தாங் அழாமல் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரத்தக்குழாயின் வேர்ப்பகுதி வயதுக்கு மீறி அகலமாக இருக்கிறது, ரத்தத்தையும் அனுப்பிப் பார்ப்போம் என்றார். சில வாரத்தில் அதன் முடிவும் வந்தது. அதே நோய் இருக்கிறது.

முடிவு வாங்கிய அன்று ஷியூமெய் நடைபாதை நாற்காலியில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மருத்துவர் அவளிடம் பொறுமையாகச் சொன்னார்: இப்போதே தெரிந்தது நல்லது, மாத்திரை கொடுப்போம், வருஷாவருஷம் பார்ப்போம், ஓட்டப்பந்தயம் கனமான விளையாட்டு வேண்டாம், தேவைப்படும்போது குழாயை மாற்றலாம். ஷியூமெய் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பிறகு, இது எப்படி வந்தது என்று கேட்டாள்.

"தாய்கிட்டருந்து" என்றார் மருத்துவர். "தாயைச் சோதிச்சுப் பார்த்திருக்கீங்களா? அவங்களுக்கும் பார்க்கணும்."

ஷியூமெய் மடியிலிருந்த குழந்தையைக் குனிந்து பார்த்தாள். வான்ஹாய் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "தாய் இல்ல" என்று அவர்தான் சொன்னார்.

திரும்பும்போது அவள் குழந்தையை அணைத்துக்கொண்டு பின்னிருக்கையில் உட்கார்ந்தாள். அன்று வான்ஹாய் காரில்தான் வந்திருந்தார். கட்டடம் கண்ணில் பட்டதும் அவள் இருக்கையின் முதுகைத் தட்டினாள்.

"இங்கயே நிறுத்துங்க. வீட்டு முன்னாடி வேண்டாம்."

நிறுத்தினார்.

"அடுத்த தடவை எப்ப வரணும்னாரு?"

"ஆறு மாசம் கழிச்சு."

"அப்பவும் இங்கயே வந்து நில்லுங்க. உங்க வண்டியில நாங்க ஏறுறதை ஜனம் பார்க்க வேண்டாம்."

குழந்தையைத் தோளில் சாய்த்து, அதன் தலையைத் துணியால் மூடிக்கொண்டு இறங்கிப் போனாள். அன்றைக்கு அவர் வாயால் சொன்னதை அவள் யாரிடமும் மாற்றிச் சொல்லவில்லை. மாற்றிச் சொன்னால் பேத்திக்கு இருப்பதையும் சொல்லவேண்டி வருமே. அந்தத் துறைமுகத்தில் பிள்ளை பெற்ற வீடுகளில் இன்றும் வான்ஹாய் பெயரைச் சொல்லித்தான் ஜன்னலைச் சாத்துகிறார்கள். அவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே போய், அந்தத் தெருமுனையில் நிறுத்திக் காத்திருக்கிறார்.